பதினொரு பேர் பட்டணம் பார்த்த வரலாறு

இஸ்ரவேல் மக்கள் நாற்பது வருஷம் பாலைவனத்தில் சுற்றியதற்கு ஒரே காரணம், மோசே ஒரு கமிட்டி போடாததுதான். செங்கடலைப் பிளக்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு துணைக்குழு அமைக்கத் தெரியவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் ஆட்களை எண்ணி, வரிசை எண் கொடுத்து, மன்னா வழங்கும் நேரத்தை எழுதி ஒட்டி, நாற்பதே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். இது தற்பெருமை அல்ல. போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் பீல்டு சூப்பர்வைசராக இருந்து, தினமும் காலையில் பெரட்டுக்களத்தில் நூற்று நாற்பது பேரைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு இந்த நிர்வாகத் திறமை வீட்டில் சும்மா கிடந்தது. குடும்பத்தின் நல்ல காலம், எங்கள் அய்யாவுக்குக் கண் கெட ஆரம்பித்தது.

அய்யாவின் பெயர் சூசையப்பன். வயது எண்பத்தொன்று. எஸ்டேட் பேக்டரியில் முப்பத்தொரு வருஷம் தேயிலைப் பெட்டிகளின் மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து ‘மெட்ராஸ்’ என்று மை அடித்தவர். ஒரு நாளைக்கு இருநூறு தடவை அந்த ஊரின் பெயரை அடித்தார், ஒரு தடவைகூட அந்த ஊரைப் பார்த்ததில்லை. போன வருஷம் மார்ச்சில் மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். அழுத்தம் கூடி நரம்பு பட்டுவிட்டது, வலது கண் முடிந்தது, இடது கண் ஒரு வருஷம் நின்றால் அதிகம், போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். “அவருக்கு எதையாவது காட்டணும்னு இருந்தா, சீக்கிரம் காட்டிடுங்க” என்றும் சொன்னார்.

அய்யா யோசிக்கவே இல்லை. “மெட்ராச ஒருக்கா பாத்துப்புடணும்லே, இன்னாசி. அந்தப் பெட்டியெல்லாம் எந்த ஊருக்குத்தான் போச்சுன்னு.”

என் மனைவி ரோசி கொழுந்து எடுப்பவள். முடிவுகளையும் கொழுந்து போலக் கிள்ளிப் போடுவாள். “அடுத்த வாரமே போயிருவோங்க. போடியில ரயிலு ஏறுனா காலையில மெட்ராசு. மாமா, நீங்க, நானு, மூணு டிக்கெட்டுதான” என்றாள்.

மூன்று டிக்கெட்! நான்கு தலைமுறை உள்ள குடும்பத்தில் முக்கியமான ஒரு பயணத்தை மூன்று டிக்கெட்டில் முடித்துவிடலாம் என்று நினைக்கும் பாமரத்தனத்தை நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன். அன்றே ‘நான்கு தலைமுறைப் பெருநகரக் காட்சிப் பயண ஒருங்கிணைப்புக் கமிட்டி’ உருவானது. தலைவர் நான். செயலாளர் பதவிக்குத் தகுதியானவர் கிடைக்கும்வரை தற்காலிகமாக அதுவும் நான். மூணாறில் ரிசார்ட்டில் வேலை பார்க்கும் என் மகன் லிபின், தொழில்நுட்பப் பிரிவு. வாளையாரில் லாரி ஆபீஸில் இருக்கும் என் தங்கை புருஷன் தங்கதுரை, பாலக்காடு மாவட்டப் பிரதிநிதி. ரோசிக்கு டீ. குழந்தை குட்டிகளையும் சேர்த்து மொத்தம் பதினொரு பேர். அய்யாவைச் ‘சிறப்பு விருந்தினர்’ என்று அறிவித்தோம். சிறப்பு விருந்தினருக்கு ஓட்டு கிடையாது என்பது மரபு.

முதல் மூன்று கூட்டங்கள் எந்த ஊருக்குப் போவது என்பதைப் பற்றி நடந்தன. ஒருவர் ஆசைப்பட்டார் என்பதற்காக ஒரு ஊருக்குப் போவது ஜனநாயகம் ஆகாது. எங்களைப் போல் எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி லேசுப்பட்டதும் அல்ல. ரேஷன் கார்டு திருவனந்தபுரத்தைப் பார்த்திருக்கிறது, பேச்சு சென்னையைப் பார்த்திருக்கிறது, பிள்ளைகள் கொச்சியைப் பார்த்திருக்கிறார்கள்.

“கொச்சியில மெட்ரோ இருக்குப்பா. வாட்டர் மெட்ரோவும் இருக்கு” என்றான் லிபின்.

“ஏனுங்க மச்சான், கோயமுத்தூரு பெரிய ஊரு இல்லீங்களா? வாளையார்ல பஸ் ஏறுனா ஒரு மணி நேரமுங்க. ராத்திரிக்கு எங்கூட்டுலயே படுத்துக்கலாமுங்க” என்றார் தங்கதுரை.

“அய்யா மெட்ராசுதான கேட்டாரு?” என்றாள் டீயோடு வந்த ரோசி.

“விருந்தினரின் கருத்தை விருந்தினர்தான் எழுத்துமூலம் தர வேண்டும்” என்று தீர்ப்புச் சொன்னேன். அய்யா பேப்பரை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, கோணல் மாணலாக, ஆனால் பெட்டியில் இருந்த அதே பெரிய எழுத்தில், மெட்ராஸ் என்று எழுதிக் கொடுத்தார். அதை நகலெடுத்து எல்லோருக்கும் அனுப்பி, ஓட்டெடுத்து, ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சென்னை வென்றது. அய்யா முதல் நாளே சொன்ன ஊரை நாங்கள் முறைப்படி கண்டுபிடித்தபோது ஜூன் பிறந்துவிட்டது. மழையும் பிறந்துவிட்டது.

மலைப்பாதையில் மண் இடிந்தது, கூட்டங்கள் ஆன்லைனில் தொடர்ந்தன. லிபின் சென்னையைப் பற்றி முப்பத்தெட்டு படங்கள் கொண்ட ஒரு காட்சித் தொகுப்பைத் தயாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டுக் காட்டினான். அய்யா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கண்ணால் சாய்ந்து சாய்ந்து பார்த்து, “அடேயப்பா, என்னா கட்டடம்” என்று வியந்தார். இதுவே பாதிப் பயணம் முடிந்த மாதிரிதான் என்று குறிப்பேட்டில் பதிந்தேன்.

செப்டம்பரில் ஒரு ‘ஒழுங்கீனம்’ நடந்தது. இதை மறைக்காமல் சொல்வது வரலாற்று ஆசிரியனின் கடமை. ஒரு நாள் காலை நான் தேவாலயத்திலிருந்து திரும்பும்போது ஜீப் ஸ்டாண்டில் அய்யா வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். பக்கத்தில் ரோசி, கையில் பை.

“எங்கே?”

“போடிக்கு. இன்னிக்கி ரயிலு இருக்கு” என்றாள் ரோசி. “கண்ணுக்கு முன்னால நீட்டுனா இன்னமும் கைவெரல எண்ணிச் சொல்லுறாருங்க. இப்பப் போனாத்தான் உண்டு.”

நான் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றேன். பெரட்டில் பெயர் கூப்பிடாமல் ஒரு ஆள்கூட மலை ஏறக்கூடாது என்ற விதியில் இருபத்தாறு வருஷத்தில் நான் விலக்கு அளித்ததே இல்லை. கமிட்டியை மீறி இரண்டு பேர் போனால் மீதி ஒன்பது பேருக்கு என்ன மரியாதை? தலைவருக்கு என்ன மரியாதை? இதையெல்லாம் ஜீப்பில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி விளக்கினேன்.

“நீங்க வழிய விடுங்க” என்றாள் ரோசி.

அய்யாதான் அவளுடைய கையைத் தட்டினார். “விடு தாயி. அவன் கோவப்படுதான். எல்லாரும் சேந்தே போவோம். இருக்குல்ல நாளு.”

அய்யாவின் இந்தக் கட்டுப்பாட்டைப் பாராட்டி ஆறாவது கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றினோம்.

அதன் பிறகு தேதிதான் பாக்கி. பதினொரு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அக்டோபரில் தோட்டத்தில் கொழுந்து சீசன், ரோசிக்கு லீவு இல்லை. நவம்பரில் தங்கதுரைக்கு இல்லை (“மொதலாளி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாருங்க”). டிசம்பர், ஜனவரி லிபினின் ரிசார்ட்டில் கூட்டம்: ஊரெல்லாம் எங்கள் மலையைச் சுற்றிப் பார்க்க வரும்போது நாங்கள் ஊர் சுற்ற முடியாது. பிப்ரவரியில் எல்லோருக்கும் லீவு அமைந்தது, தவக்காலமும் அமைந்தது. சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை கத்தோலிக்கக் குடும்பம் உல்லாசப் பயணம் போகலாமா?

“ஒரு கெழவர் கண்ணு இருக்கையில ஊரப் பாக்குறது உல்லாசமாங்க?” என்றாள் ரோசி. இறையியல் படிக்காதவர்களிடம் இதற்குமேல் விவாதிக்க முடியாது.

எட்டாவது கூட்டம் தவக்காலத்தில் நடந்தது. அதில் சிறப்பு விருந்தினரின் நடத்தை கொஞ்சம் வருத்தம் தந்ததையும் பதிவு செய்கிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போடச் சொன்னால் பதிவேட்டைத் தாண்டி மேஜையில் போட்டார். ‘எண்பத்தொரு வயதில் அலட்சியம் கூடாது’ என்று ஓரத்தில் குறிப்பெழுதினேன். ஆனால் லிபின் திருத்தி அமைத்த காட்சித் தொகுப்பை அவர் பாராட்டிய அளவுக்கு வேறு யாரும் பாராட்டவில்லை. கரண்ட் போய், டிவி அணைந்து இரண்டு நிமிஷம் ஆன பிறகும், “நல்லாருக்குய்யா, நல்லாருக்கு” என்று பாராட்டிக்கொண்டே இருந்தார்.

ரோசி எழுந்து நின்றாள். “மாமாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

“அஜெண்டாவில் இருக்கிறதா?”

“இல்ல.”

“அப்படியானால் ‘இதர விஷயங்கள்’ பகுதியில் எடுத்துக்கொள்வோம்” என்றேன். அந்தப் பகுதிக்கு நாங்கள் வரவில்லை. பயணத்தில் எல்லோரும் போட வேண்டிய தொப்பியின் நிறத்தில் கருத்து வேறுபாடு எழுந்துவிட்டது.

கடைசியில் மே மாதம், பதினான்கு மாதத் தயாரிப்புக்குப் பிறகு, பதினொரு பேரும் பதினொரு ஆரஞ்சுத் தொப்பிகளோடு சென்னையில் இறங்கினோம். இப்படி ஒரு பயணம் எங்கள் எஸ்டேட் வரலாற்றிலேயே நடந்ததில்லை. ஸ்டேஷன் வாசலில் விசில் ஊதி, வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டேன். போர்ட்டர்கள் மரியாதையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ‘ஒன்று’ அய்யா. ‘பதினொன்று’ என் பேரன் ரிஞ்சு. எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு இட்லி. ஒன்பதுக்கு ஹைகோர்ட், வெளியிலிருந்து. பத்தே முக்காலுக்கு மியூசியம். ஒரு இடத்தில்கூட ஒரு நிமிஷம் பிந்தவில்லை. வியர்வை ஊற்றியது, தொப்பியை யாரும் கழற்ற அனுமதிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. ரோசி அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் காதில் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். “செவப்பு மாமா, செங்கச் செவப்பு. உச்சியில கும்பா கவுத்த மாதிரி கோபுரம்.” விளக்கவுரை லிபினின் துறை என்று இரண்டு முறை எச்சரித்தேன். கேட்கவில்லை. குரூப் போட்டோக்களிலும் அய்யா ஒத்துழைக்கவில்லை. எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் ரோசியின் குரல் வந்த பக்கம் பார்த்தார்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு மெரினா. மணலில் எல்லோரையும் நிறுத்திவிட்டு நான் முன்னால் வந்தேன். “அய்யா, கடல். பதினைந்து நிமிஷம்.”

அய்யா தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. பஸ்களும் கார்களும் ஓடும் ரோட்டைப் பார்த்து நின்றார்.

நான் போய் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். “இந்தப் பக்கம், அய்யா.”

“இந்தப் பக்கமாலே?” என்றார். “ரெண்டு பக்கமும் எரைச்சலா இருக்கா, அதான் பிடிபடல.”

அப்போதுதான் அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். கண்கள் என் தலைக்குமேல் எங்கேயோ நின்றன.

“எப்ப இருந்து?” என்று ரோசியிடம் கேட்டேன்.

“தவசு காலத்துலருந்து. எட்டாவது மீட்டிங்குல எந்திரிச்சு நின்னேன்ல?”

“என்கிட்ட நீங்க ஏன் சொல்லல, அய்யா?”

“எல்லாரும் இம்புட்டு ஆசையா மீட்டிங்கு போடுதீக. கெழவன் குறுக்க பேசி அதக் கெடுக்கணுமா? பரவாயில்லலே. காத்து நல்லாருக்கு” என்றார் அய்யா. அவர் காலை அலை வந்து தொட்டது. சட்டென்று பின்வாங்கி, பிறகு காலை நீட்டி, அது மறுபடி வருவதற்காகக் காத்திருந்தார். பதினைந்து நிமிஷம் முடிந்தது. நான் விசில் ஊதவில்லை.

மறுநாள் காலை, திரும்பும் ரயில் தேனியைத் தாண்டும்போது, எப்பேர்ப்பட்ட நிலையிலும் கடமை தவறாதவன் என்ற முறையில் பயண அறிக்கையை எழுதினேன். அறிக்கை நேர்மையாக இருக்க வேண்டும் என்பதால் உண்மையையே எழுதினேன்: ‘வந்தவர்கள் பதினொருவர். பட்டணம் பார்த்தவர்கள் பத்துப் பேர்.’ கையெழுத்துக்காக ரோசியிடம் நீட்டினேன்.

அவள் என்னிடமிருந்து பேனாவை வாங்கினாள். பத்தை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள்.

“ஒண்ணு கொறையுதே” என்றேன்.

“சரியாத்தான் இருக்கு. பதினாலு மாசம் ஒரே வீட்டுல இருந்தும், பெத்த அப்பனுக்குக் கண்ணு போறத நீங்க பாக்கல. பட்டணத்தயா பாத்திருக்கப் போறீங்க?”