இருபதுக்குப் பதினேழு

"கணக்கு பதினாலு! எகனாமிக்ஸ் பதினேழு!"

லூயிஸ் தெருவாசலில் நின்று கத்தியபோது, அவருடைய மகன் பிரான்சுவா கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுவதுபோல் ஒளிந்துகொண்டிருந்தான். சென்னைக் கல்லூரியிலிருந்து வரும் மார்க்கு அட்டையைத் தபால்காரனிடமே வாங்கிக் கிழித்துவிட நினைத்திருந்தான். அப்பா முந்திக்கொண்டார்.

ஆனால் அடி விழவில்லை.

"என்னையே தாண்டிட்டான்யா! நான் அந்தக் காலத்துல கணக்குல வாங்கினது பதினொன்னு!"

பிரான்சுவாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புதுச்சேரியில் எந்தப் பாடத்துக்கும் முழு மார்க்கு இருபதுதான். பன்னிரண்டு வாங்கினால் மெச்சுவார்கள். பதினேழு வாங்கினால் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அப்பா புதுச்சேரியைத் தாண்டியதாகப் பேசியதே இல்லை. சென்னையில் நூற்றுக்கு என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சொல்லிவிடலாம். சொன்னால் ரோசா கைநழுவிப் போவாள். எதிர்வீட்டு அமலநாதன், "மார்க்கு வரட்டும், அப்புறம் நிச்சயத்தைப் பாப்போம்" என்று மகளின் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

சத்தம் கேட்டு அமலநாதனே வந்துவிட்டார். சட்டம் படித்துக் கோர்ட்டில் உத்தியோகம் பார்ப்பவர். லூயிஸ் அட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி காட்டினார்.

"எகனாமிக்ஸ்ல மூணு மார்க்கு கூட வந்திருக்கு. அதுதான் சுலபம் போல" என்றார்.

அமலநாதனுக்குச் சுருக்கென்றது. "சுலபமா? முசே லூயிஸ், அந்த ஒரு பேப்பருக்காக மூணு தடவை உக்காந்தவன் நான்!"

"கணக்குக்கு முன்னால அதெல்லாம் கதை படிக்கிற மாதிரி."

"கணக்குல விடை ஒன்னே ஒன்னு. போட்டோமா, எழுந்தோமா! இதுல விடை நாலு இருக்கும். வாத்தியாருக்கு எது புடிக்குமோ அதை எழுதணும்!"

"ரெண்டையும் படிச்சவன் உள்ளதான் இருக்கான். அவனையே கேளு."

பிரான்சுவா செருப்பில்லாமல் வெளியே வந்தான். எதிர்வீட்டு சன்னலில் ரோசாவின் முகம் தெரிந்தது.

"எகனாமிக்ஸ்தான் கஷ்டம், மாமா."

அமலநாதன் மலர்ந்துபோனார். "கேட்டியா! கஷ்டமானதுல பதினேழு! ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் கோயில் மண்டபத்துல பேசணும், மாப்ளே. அரிசி வெலை ஏன் இப்படி விழுந்து கெடக்குன்னு சனங்க தெரிஞ்சுக்கட்டும்."

அரிசி விலை விழுந்திருப்பதே பிரான்சுவாவுக்கு அப்போதுதான் தெரியும்.

"இல்ல மாமா, நல்லா யோசிச்சுப் பாத்தா கணக்குதான் கஷ்டம்."

"அப்ப அதுல பதினாலு இன்னும் பெருசாச்சே! ரொம்ப நல்லதாப் போச்சு. என் தங்கச்சி வீட்டுக்காரர் சென்னைப் பட்டணத்துல கணக்குப் புரொபசர். ஞாயித்துக்கெழமை வர்றார். அட்டையை அவர்கிட்ட காட்டிடுவோம்!"

பிரான்சுவா அவசரமாகக் கையை ஆட்டினான். "ரெண்டுமே சுலபந்தான் மாமா! சொல்லிக்கிற அளவுக்கு ஒன்னுமே இல்ல!"

"அடக்கத்தைப் பாருய்யா!" அமலநாதன் அவனைக் கட்டிக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கெழமையே நிச்சயம். என் மச்சான் முன்னால!"

பிரான்சுவா சமையலறைக்கு ஓடினான். அம்மா இருதயமேரி அரிவாள்மணை முன் உட்கார்ந்து வவ்வால் மீனை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ரெண்டுலயும் பெயில்!"

"தெருவே அதைத்தான் கொண்டாடுது."

"வெளையாடாதம்மா! அது இருபதுக்கு இல்ல, நூத்துக்கு! அப்பா பாவம், வெவரம் தெரியாம ஏமாந்துட்டாரு. புரொபசர் அட்டையைப் பாத்தாருன்னா அப்பா மானமும் போச்சு, ரோசாவும் போச்சு!"

இருதயமேரி மீனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவரு வாயே தொறக்க மாட்டாருடா. அவரும் உங்கப்பாவும் பட்டணத்துல ஒரே பெஞ்சு. நூத்துக்குப் பதினொன்னைக் காட்டி உங்கப்பா என்னைக் கட்டிக்கிட்டாரு, நூத்துக்குப் பன்னெண்டைக் காட்டி அவரு அமலநாதன் தங்கச்சியைக் கட்டிக்கிட்டாரு."