மாமாவின் கல்லறைக் காசும் மூன்று கிற்றாரும்

இயேசு மரி சூசை துணை

ஓலைத்தொடுவாய்,
ஒக்ரோபர் 24

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் நீக்கிலாஸ் அவர்களுக்கு,

உங்கள் அக்கா புருஷன் எமிலியானுஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே மாமாவைத் தவிர எல்லோரும் சுகம். பிரான்ஸில் குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சைக் கவனியுங்கள். போனில் உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் எழுதுகிறேன், மகள் டிலோஜினி படம் பிடித்து அனுப்புவாள்.

வைகாசியில் உங்கள் அப்பாவை, என் மாமாவை, அடக்கம் செய்து ஒரு மரச் சிலுவையை நட்டோம். ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் கல்லறை கட்டி வெள்ளையடிக்கச் சொல்லி ஆடியில் நீங்கள் காசு அனுப்பினீர்கள். இன்னும் ஒரு கல்லும் வைக்கவில்லை. காரணம் நான்தான், என்ர கிற்றாரும்தான். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து அறுந்து போக, வலைக்குப் போடுகிற தங்கூசி நூலைக் கட்டிக் கோயிலில் வாசிக்கிறவன் நான். அது மீனுக்கு நல்லது, பாட்டுக்கு ஆகாது. மாமாவைக் குழிக்குள் இறக்கேக்கையும் அறுந்தது. பாட்டுக்காரர் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிண்டவை. அந்த வெட்கத்தோட இருக்கேக்கதான் உங்கட காசு வந்தது.

மன்னார் டவுனில ஒரு சிவப்புக் கிற்றார். அஞ்சு தரம் போய்த் தடவிப் பாத்தனான். எங்களோட வாசிக்கிற டிலுக்சன், "அண்ணை, அது பலகையில்லை, மட்டை. மழைக்கு ஊறிப்போகும்" எண்டான். பிறகு அவனே போனில கொழும்புக் கிற்றார் ஒண்டைக் காட்டினான், கரண்ட் குடுத்து வாசிக்கிறது. ஆவணி முழுக்க ரெண்டு பேரும் கணக்குப் பாத்தம்: கல்லறைக்கு மாபிள் கல்லை விட்டா எவ்வளவு மிஞ்சும், நீளத்தில ஒரு அடியைக் குறைச்சா எவ்வளவு மிஞ்சும் எண்டு. மாமா கட்டையான ஆள்தானே எண்டான் டிலுக்சன். நான் அவனை ஏசினனான். ஏசிப்போட்டு மாமா இடுப்பில கட்டின பழைய சாரத்தை எடுத்து அளந்தும் பாத்தனான். எப்பிடிக் குறைச்சும் கொழும்புக் கிற்றாருக்குக் காசு காணேல்லை.

கடைசியா, எருக்கலம்பிட்டியில நுஸ்ரியா டீச்சர், மகன் கட்டாருக்குப் போனதால சும்மா கிடக்கிற கிற்றாரை விக்கிறா எண்டு கேள்விப்பட்டுப் போனன். மச்சான், அதின்ர சத்தம்! அரை மணித்தியாலம் வாசிச்சன். காசை எண்ணேக்க வாய் சும்மா கிடக்காமல் இது மாமாவின்ர கல்லறைக் காசெண்டு சொல்லிப்போட்டன். மனுசி கிற்றாரை என்ர மடியிலயிருந்து தூக்கி எடுத்திட்டா.

"மௌத்தானவர்ட காசா? எனக்கு வேணாம். மொதல்ல அவருக்குக் கட்டுங்க."

வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தனான். காசு ஒரு சதம் குறையாமல் பிஸ்கட் ரின்னுக்குள்ள இருக்கு. நாளைக்கு மேசன் சுஜீவன் வாறான். இனி நீங்கள் நிம்மதியா நித்திரை கொள்ளுங்கோ.

மடு மாதா உங்களையும் பிள்ளைகளையும் குளிரிலிருந்தும் என்னைப் போன்ற உறவினரிடமிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
கிற்றார் வாங்காத
எமிலியானுஸ்

பி.கு: இதை அனுப்ப முன்னம் சுஜீவனோட சேமக்காலைக்கு, மாமாவைத் தாட்ட இடத்துக்கு, போய் வந்தம். போன கிழமை மழையோட மாமாவின்ர சிலுவை போயிட்டுது. பக்கத்தில பக்கத்தில மூண்டு மணல் மேடு, ஒண்டிலயும் பேரில்லை. பங்குக் கொப்பியில திகதி மட்டும்தான் கிடக்கு. உங்கட அக்கா மாக்கிறட் மூண்டுக்கும் மெழுகுதிரி கொளுத்திப்போட்டு மாறி மாறி அழுகிறா. உங்களுக்கு அனுப்பின செத்த வீட்டு வீடியோவைப் போட்டுப் பாருங்கோ. குழியை மறைச்சுக்கொண்டு கிற்றாரோட நிக்கிறது நான்தான். எனக்குப் பின்னால ஏதும் தெரியுதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ, மச்சான்.