தனி வயோலாவுக்குத் துணை

"ஏட்டி சாலோமி, ஒன் கூட இன்னொரு ஆளும் வாசிக்கு."

அனுப்பிய வீடியோவைக் கேட்டுவிட்டு ஃபர்ஹத் ஃபோனில் சொன்னதும் சாலோமி வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். வீட்டில் அவள் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் வள்ளியூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"எனக்கும் கேட்டுச்சுட்டி. ம்ம்ம்னு... நான் நிறுத்துனா, கொஞ்சம் கழிச்சு அதுவும் நிறுத்துது."

"பக்கத்து வீட்டுல யாராவது?"

"அது மூணு மாசமா பூட்டிக் கெடக்கு."

இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ராத்திரி எட்டு மணிக்குள் வீடியோ போயாக வேண்டும். வயோலாவைத் தவிர வேறு சத்தம் கேட்டால் தள்ளிவிடுவார்கள். சென்னையில் இசை படிக்கிற கனவு அதோடு முடிந்தது.

வயோலா, வயலினுக்கு அக்கா. உருவம் பெரிது, குரல் கட்டை. அவள் வாசித்த பாட்டை எழுதியவர் இந்தக் காலத்து ஆள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் இசைக்காரர்களுக்கு மரியாதையாக எழுதியிருந்தார். விரலே வைக்காமல் நாலு கம்பிகளையும் வெறுமனே மாற்றி மாற்றி இழுத்தே ஆறு நிமிஷம் போகும்.

"செத்தவங்களக் கும்புட்டு வாசிச்சா, செத்தவங்க வரத்தானட்டி செய்வாங்க?"

"வாய மூடுட்டி!"

ஃபேனை, ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தாள். முனகல் போகவில்லை. மெயினையே அணைத்தாள். வீடு இருண்டதும் முனகல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"பாத்ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கோ."

போய் வில்லை இழுத்தாள். இப்போது அது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. டார்ச் வெளிச்சத்தில் வாளியின் நிழல் சுவரில் ஆடியது.

"ஃபர்ஹத்... அது என் கீழ்க்கம்பி சத்தத்த அப்பிடியே பிடிச்சு வச்சிருக்குட்டி."

"அப்ப கம்பியக் கொஞ்சம் எறக்கி ஏமாத்து. பேய்க்கு என்ன தெரியும்?"

கம்பியை இறக்கி இழுத்தாள். ஒரு நொடி இரண்டு சத்தமும் ஒட்டாமல் நின்றன. பிறகு அந்த முனகல் தடவித் தடவிக் கீழே இறங்கி, அவள் சத்தத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது.

"எறங்கிட்டு! அதுவும் எறங்கிட்டு!"

"யா அல்லா! வெளிய ஓடிருட்டி!"

"ஓடுனா பரீட்ச?"

மணி ஏழே முக்கால். சாலோமி அழுதுகொண்டே கம்பியைப் பழைய இடத்துக்கு ஏற்றி இழுத்தாள். முனகலும் பைய மேலே ஏறியது.

"யாரு நீங்க?" என்று இருட்டைப் பார்த்துக் கத்தினாள். "என்னைய ஏன் விட மாட்டேங்கீங்க?"

முனகல் சட்டென்று நின்றது. மேலே வெண்டிலேட்டர் வழியாக ஒரு பெண் குரல் வந்தது.

"பக்கத்து வீட்டுக்கு நேத்துக் குடிவந்த பாட்டு டீச்சர் நீலாம்பாள்மா. ஒரு மணி நேரமா நீ சுருதி சேக்க முடியாமக் கஷ்டப்படுதியேன்னு நானும் சுருதிப் பெட்டிய வச்சு ஒனக்காகக் குமிழத் திருகிக்கிட்டே இருக்கேன். பாட்ட எப்பம்மா ஆரம்பிப்ப?"