முதலாளியின் நாயும் பிடரியின் தலையும்

குளியலறையில் தண்ணீர் போகாமல் கணுக்கால் வரை தேங்கி நின்றது. மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, சாக்கடை மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டு, கருகருவென்று ஒரு கொத்தை வெளியே இழுத்தாள்.

"எலியா?" என்றான் கணவன், பத்திரமாக வாசலிலேயே நின்றுகொண்டு.

"உங்க தலை," என்றாள் அவள்.

அவன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான். ஊரில் மற்றவர்களுக்கு முடி கொட்டினால் கவலை. இவனுக்குக் கொட்டினால் வேலை போய்விடும். இவன் கூந்தல் தைலம் செய்யும் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. தோள் வரை அலையலையாக இறங்கும் முடிக்காகவே ஆபீசில் இவனுக்குப் 'பிடரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நேர்முகத் தேர்வில் முதலாளி படிப்பைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கவில்லை. எழுந்து வந்து முடியை ஒரு இழு இழுத்துப் பார்த்து, "சொந்தமா? நாளைக்கே சேர்ந்துக்கோ" என்றார்.

சேர்ந்த அன்றே கம்பெனி போட்டோகிராஃபர் வந்து இவன் தலையை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று வளைத்து வளைத்துப் படம் பிடித்தார். அடையாள அட்டைக்குப் பின்மண்டை எதற்கு என்று பிடரி கேட்கவில்லை. பெருமையில் இருப்பவனுக்குச் சந்தேகம் வராது. இத்தனைக்கும் கம்பெனித் தைலத்தை அவன் ஒரு சொட்டுகூடத் தலையில் வைத்ததில்லை. அந்த வாசனை அவனுக்கு ஆகாது.

"எல்லாம் அந்த நாயால வந்த வினை," என்றாள் மனைவி. "நாய் மேய்க்கவா உங்களை வேலைக்கு வச்சாங்க?"

முதலாளியின் நாய்க்கு உடம்பெல்லாம் சடை. அதை அவர் 'தம்பி' என்று கூப்பிடுவார். ஊழியர்களை 'ஏய்' என்று கூப்பிடுவார். "உன்னைத் தவிர யாரையும் நம்பித் தம்பியை விட மாட்டேன்" என்று சொல்லி, சாயங்காலம் பூங்காவில் அதை உலாத்தும் பாக்கியத்தைப் பிடரிக்குக் கொடுத்தார். மண்டல மேலாளர் நாற்காலி காலியாக இருந்த நேரம் அது. பிடரி உலாத்தியதோடு நிற்காமல், தம்பிக்குக் கால் வலிக்குமே என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டும் நடந்தான்.

நாற்காலி வரவில்லை, உண்ணி வந்தது. இடுப்பில் கடித்து, காய்ச்சலில் ஆளைப் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டது. சேதி கேட்ட முதலாளி பழக்கூடை அனுப்பினார். தினமும் போன் செய்து, "நல்லா அடிக்குதா காய்ச்சல்?" என்று விசாரித்தார். அந்தப் பாசத்தில் பிடரிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மாத்திரையில் காய்ச்சல் போய், எல்லாம் மறந்துபோன பிறகுதான் முடி கொட்ட ஆரம்பித்தது.

"கொட்டும்," என்றார் டாக்டர், மழை வரும் என்று சொல்கிற மாதிரி. "காய்ச்சல் கடுமையா வந்துட்டுப் போனா, உடம்பு முடியையெல்லாம் லீவுல அனுப்பிடும். சில மாசத்துல தானா முளைச்சிடும்."

"நீங்க கொடுத்த மாத்திரையாலயா இருக்குமோ?"

"அந்த மாத்திரையாலதான் நீங்க இங்க வந்து என்னைக் கேள்வி கேக்கறீங்க."

"சரி டாக்டர். தலைக்கு எதைத் தடவறது?"

"எதையும் தடவாதீங்க. சும்மா இருங்க. அதுதான் வைத்தியம்."

சும்மா இருந்தே சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டு. பிடரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மறுநாளே முதலாளி கூப்பிட்டார்.

"ஏய், அடுத்த வாரம் முகவர்கள் மாநாடு. இந்த வருஷம் உன் தலைதான் நம்ம விளம்பரம். மாநாடு முடிஞ்சதும் நீதான் மண்டல மேலாளர்."

இதை வீட்டில் சொன்னதுதான் தாமதம். மனைவி தன் அண்ணன்மார் அத்தனை பேருக்கும் போன் போட்டுவிட்டாள். இத்தனை வருஷமாக 'சீப்பு மாப்பிள்ளை' என்று பிடரியைக் கேலி செய்த மச்சான்மார் முன்னால் அவன் இனிமேல் வெறுங்கையோடும் வெறுந்தலையோடும் எப்படி நிற்பது?

வேறு வழியில்லாமல், விற்கிற தைலத்தையே ஒரு புட்டி முழுக்கத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படுத்தான். காலையில் எழுந்து பார்த்தால் தலையணைக்குத்தான் முடி அடர்த்தியாக இருந்தது.

"அதுல என்னத்தைங்க போடறாங்க?" என்று பதறினாள் மனைவி.

"எனக்கென்ன தெரியும்? நான் விக்கிறவன்தானே?"

வழுக்கைத் திட்டுகளைக் கண் மையால் நிரப்பி அனுப்பினாள். ஆபீசில் முதலாளி அன்று பார்த்து வாஞ்சையாகத் தலையைத் தடவினார். எடுத்த கை கன்னங்கரேல் என்றிருந்தது. அவர் கையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், புன்னகையோடு போய்விட்டார். பக்கத்து மேஜைக் கணக்கர் பெருமூச்சு விட்டார். நாய் ஆபீசுக்குள் வந்தால் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்ளும் பயந்தாங்கொள்ளி அவர். ஆனால் பெரிய மனுஷர். வாசல் விளம்பரத்தில் 'முன்பு' என்ற படத்தில் மொட்டையாகவும், 'பின்பு' என்ற படத்தில் கற்றை முடியோடும் நிற்பவர் அவர்தான்.

மை போதாது என்று பிடரி சலூனுக்கு ஓடினான்.

"அங்கங்க திட்டு தெரியாம, சுத்தி லேசா சமம் பண்ணிவிடுங்க."

"கவலையே படாதீங்க சார்," என்றார் முடிதிருத்துபவர். வலப்பக்கம் கொஞ்சம் எடுத்தார். அதற்குச் சமமாக இடப்பக்கம் எடுத்தார். இடப்பக்கம் கூடப் போய்விட்டதால் மறுபடி வலப்பக்கம் வந்தார். அவர் நேர்மையான மனிதர், இரண்டு பக்கத்துக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் பாடுபட்டார். கடைசியில் துண்டை உதறிவிட்டு, "இப்ப சமமாயிடுச்சு சார்," என்றார். கண்ணாடியில் ஒரு பளபளப்பான உருண்டை பிடரியைத் திகைப்போடு பார்த்தது.

மிச்சம் இருந்தது டோப்பாதான். நாடக சாமான் வாடகைக்கு விடும் கடையில் தோள் வரை இறங்கும் டோப்பா ஒன்றே ஒன்று இருந்தது. ராஜா வேஷத்துக்குச் செய்தது. போட்டால் நெற்றி காணாமல் போய், புருவத்திலிருந்தே முடி ஆரம்பித்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் மனைவி.

மாநாட்டு நாள் வந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் முதலாளி, கணக்கர், கேமராவோடு போட்டோகிராஃபர், அப்புறம் தம்பி. திரைக்கு அந்தப் பக்கம் முகவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். பிடரி தலையை ஆட்டாமல், கழுத்து சுளுக்கியவன் மாதிரி உள்ளே நுழைந்தான்.

டோப்பாவில் எந்த ராஜாவின் வியர்வை நாற்றம் மிச்சமிருந்ததோ, தம்பி மூக்கை உயர்த்தியது. கணக்கர் காலைத் தூக்கினார். ஒரே பாய்ச்சல். டோப்பா தம்பியின் வாயில் இருந்தது. அதை எதிரியை உலுக்குகிற மாதிரி உலுக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது.

பிடரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சார், மன்னிச்சிடுங்க. உண்ணி கடிச்சு, காய்ச்சல் வந்து, எல்லாம் கொட்டிடுச்சு. சில மாசத்துல தானா முளைக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுவரைக்கும் வேலையை விட்டு மட்டும் தூக்கிடாதீங்க!"

முதலாளி நெருங்கி வந்தார். இரண்டு கையாலும் அந்த மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தார். அவர் கண்கள் பனித்திருந்தன.

"ஒரு முடிகூட இல்லையேடா! மண்டல மேலாளரே, ஏன் இதைப் போய் மறைச்சு வச்சே?" என்றவர், குனிந்து தம்பிக்கு ஒரு பிஸ்கட் போட்டார்.

பிடரிக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டோகிராஃபர் அவன் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தி, கேமராவைக் கண்ணில் வைத்தார்.

"முகத்தைக் கொஞ்சம் சோகமா வச்சுக்கோங்க சார். 'பின்பு' படம் நீங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே எடுத்தாச்சு. இந்த 'முன்பு' படத்துக்காகத்தானே முதலாளி உங்க கையில நாயைக் கொடுத்தார்!"