நிலையாமையை அப்பா முகர்ந்து பார்த்தார்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையின் சங்குச் சத்தத்தில் வளர்ந்து, கொழுந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரே ஆள் நான்தான். இதை நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. தொலைக்காட்சியில் நாடே பார்த்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, மலேசியாவின் கேமரன் மலையில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். (மீதிப் பாதி மலைக்குக் கீழே ஈப்போவில் தைத்துக்கொண்டார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) தானா ராத்தா டவுனில் சொந்தக் கடை போட வேண்டும் என்பது என் ஆசை. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை காலியாக இருக்கிறது, அதில் நான் சேர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஒரு தமிழ் சேனலின் ஆடை வடிவமைப்புப் போட்டிக்கு நான் தேர்வானதும் இருவரும் ஒப்பந்தம் போட்டோம். கடைசி மூன்று பேரில் வந்தால் கடை, வராவிட்டால் கிராணி.

ஐந்து பேர் மிஞ்சிய சுற்றுக்குப் படப்பிடிப்புக் குழு எங்கள் மலைக்கே வந்தது. சுற்றின் பெயர் 'அவான்ட் கார்ட்'. கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி போட்ட நடுவர் விளக்கம் கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போக முடியுமான்னு யோசிக்காதீங்க. பார்க்கிறவங்களுக்கு மூச்சு நிக்கணும். சுத்தி இருக்கிற எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க. நாளைக்கு மத்தியானம் மேடை."

மற்றவர்கள் பூப்பண்ணைக்கும் முட்டைக்கோஸ் தோட்டத்துக்கும் ஓடினார்கள். நான் எஸ்டேட்டை நிர்வகிக்கும் துரையிடம் கெஞ்சி இரண்டு கூடை பச்சைக் கொழுந்து வாங்கினேன். தரையைத் தொடும் கவுன் ஒன்றை ஒவ்வொரு கொழுந்தாக ஊசி குத்தித் தைத்தேன். பழக்கதோஷத்தில் உள்ளே மஞ்சள் லைனிங் கொடுத்தேன். பிறகு பிரித்துக்கொள்ள ஓரத்தில் ஓர் அங்குலம் துணியும் விட்டேன். (தேயிலைக் கவுனை யார் பிரித்துப் பெரிதாக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள்.) பச்சை கெட்டுவிடக் கூடாதே என்று அதைப் பெரிய பிளாஸ்டிக் பையில் அமுக்கி, காற்றுப் புகாமல் வாயை இறுக்கிக் கட்டினேன்.

அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஃபேஷனைப் பற்றி அப்பாவுக்கு என்ன தெரியும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் தானா ராத்தா மண்டபத்தில் பையைத் திறந்தேன். குப்பென்று அனல் அடித்தது. கொழுந்தெல்லாம் ஓரத்தில் சிவந்திருந்தது. அதை உடுத்தி நடக்கப் பக்கத்து ஊரான ரிங்லெட்டிலிருந்து வந்த பிரியா துள்ளிவிட்டாள்.

"அக்கா, சுடுது லா!"

"குளிருக்கு நல்லதும்மா, போடு."

மேடை விளக்குகள் எரிந்தன. பிரியா மூன்று முறை நடப்பதற்குள் கொழுந்து சுருண்டு, இடையிடையே மஞ்சள் லைனிங் எட்டிப் பார்த்தது. பச்சைக் கவுன் செம்புக் கவுன் ஆகி, மண்டபமே தேத்தண்ணிக் கடை போல மணத்தது.

"இதோட கான்செப்ட் என்னா?" என்றார் நடுவர்.

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "நிலையாமை சார். காலையில பச்சை, மத்தியானம் சருகு. அதுதானே மனுஷ வாழ்க்கை?"

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. (சத்தியமாக.) "இதுதான் அவான்ட் கார்ட்!" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. நான் மனதுக்குள் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த அப்பா எழுந்து மேடைக்கு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கவுனின் ஓரத்திலிருந்த கொழுந்தைக் கைநிறையப் பற்றி, அழுத்தி, தளர்த்தி, முகர்ந்து பார்த்தார்.

"நிலையாமை எல்லாம் இல்ல சார். காத்தோட்டம் இல்லாம வச்சா கொழுந்து வெந்துடும்," என்று நடுவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பையில கட்டி வச்சியா?"

மூன்று கேமராக்கள் என்னைப் பார்த்தன. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் கையில் இருந்த கொழுந்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"ஆமாப்பா."

மண்டபம் சிரித்த சிரிப்பில் நடுவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். எனக்கு ஐந்தாவது இடம். இருந்ததே ஐந்து பேர்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அழுதேன். "ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"முப்பது வருஷத்துல கெட்டுப்போன கொழுந்தை நல்லாருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்லம்மா. மக தச்சதுன்னா மட்டும் எப்படிச் சொல்றது?"

"சரி, திங்கக்கெழம ஆபீசுக்குப் போறேன்."

அப்பா எஸ்டேட்டுக்குத் திரும்பும் வளைவில் காரை மெதுவாக்கினார்.

"அவ்ளோ சுருங்கியும் ஒரு கொழுந்துகூடக் கீழ விழலம்மா. தையல் நல்லாருக்கு. டவுன்ல கடை பார்ப்போம்."

கெட்டதை நல்லது என்று சொல்லத் தெரியாத மனிதர் சொன்ன வார்த்தை அது. எனக்கு அதற்கு மேல் எந்தப் பரிசும் தேவைப்படவில்லை.

கடை இன்று நன்றாக ஓடுகிறது. எங்கள் வீட்டில் குழம்பு அடிபிடித்தாலும், மாமாவுக்கு முடி கொட்டினாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "பையில கட்டி வச்சியா?" ஓய்வு பெற்ற அப்பா இப்போது கடையில்தான் உட்காருகிறார். பிளாஸ்டிக் பையை உள்ளே விடுவதில்லை.

போன வாரம் கொட்டுகிற மழையில் ஒரு அம்மா, தைத்த ரவிக்கை நனையாமல் கொண்டுபோக ஒரு பை கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அலாமாக், இந்தக் கடையில பை கேக்கக் கூடாதுன்னு மறந்துட்டேன் லா!" என்று அந்த அம்மாவே சிரித்துவிட்டு, ரவிக்கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கி ஓடினார்.