மூன்றாம் ஓலைக்கு வரப்போகிறவர்

எடமலைப்பட்டி புதூர்,
திருச்சி,
10.11.1979, சனி

அன்புள்ள தம்பி செபஸ்தியானுக்கு அக்கா அமலராணி எழுதுவது. ஜாம்ஷெட்பூர் குளிரில் நீயும் குடும்பமும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொண்டு, ஒரு கேள்வியில் தொடங்குகிறேன். சாவு பிரிக்கும்வரை என்று வாக்குக் கொடுத்தோம், பிரித்துவிட்டது. பிரிந்தவர் ஒரு பகலுக்குத் திரும்பி வந்தால், அந்தப் பகலில் நான் யார்? எனக்குப் பதில் தெரியவில்லை. பங்குச் சாமியாருக்கும் தெரியவில்லை.

எனக்கும் தைரியராஜ் சாருக்கும் இருபத்தொன்றாம் தேதி கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். கோவிலில் இரண்டு ஞாயிறு எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டார். இருமல்தான் வந்தது. என் நாத்தனார் ரோசரிக்குப் பொறுக்கவில்லை. "எங்கண்ணனே வந்து சொல்லட்டும்" என்று, நாளை மூன்றாம் ஓலைக்கு என் வீட்டுக்காரரைக் கல்லறையிலிருந்து எழுப்ப மனுப் போட்டுவிட்டாள். மனுப் போட ரத்த உறவு வேண்டும் என்பது சட்டம். இருபத்திரண்டு வருஷம் அவர் சட்டைக்குப் பட்டன் தைத்தவள் ரத்த உறவு இல்லையாம். என்னை யாரும் கேட்கவே இல்லை.

எழுப்பப்போகிறவர் உறையூர் ரத்தினவேல், அரசு உரிமம் பெற்றவர். தாவரவியல் படித்தவள் சும்மா இருப்பேனா, பஸ் பிடித்துப் போய் விசாரித்தேன். விடிந்ததும் எழுப்பலாம், மாலை ஆறுக்குள் படுக்க வைத்துவிட வேண்டும், எழுந்தவருக்குப் பசி கிடையாது, பொய் வராது, செத்த நாளோடு செய்தி நின்றுவிடும் என்றார். என் வீட்டுக்காரர் போனது எழுபத்தாறில், எமர்ஜென்சி முடிந்ததையே யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும். "ரத்த ஓட்டமே இல்லாம நாக்கு எப்படிங்க அசையும்?" என்றேன். "அது தெரிஞ்சா நான் ஏங்க மேடம் இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்? எழுப்புறது என் பொறுப்பு. அவரு என்ன பேசுவாருங்கறது உங்க குடும்பப் பொறுப்பு" என்றார்.

கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் ஸ்ரீரங்கத்து வகுளவல்லியிடம் புலம்பினேன். "எங்காத்துல இந்த அவஸ்தையே கிடையாதுடி. சாம்பலைக் காவேரில கரைச்சாச்சு. எந்த மீனைக் கூப்பிட்டு ஆட்சேபணை கேக்கறது?" என்கிறாள்.

என் கட்சி தெளிவு. மண்ணுக்குள் போனவருக்கு மறுப்புச் சொல்ல உரிமை இல்லை. அவர் கத்தினாலும் நான் அசையப்போவதில்லை. தைரியராஜ் சார்தான் நடுங்குகிறார். "அவர் வந்தா நான் எங்கங்க உக்கார்றது? வணக்கம் சொல்லலாமா?" "தாராளமா சொல்லுங்க. அவர் கை கொடுத்தா மட்டும் பாத்துக் குலுக்குங்க" என்றேன்.

நீ தயங்காமல் புறப்பட்டு வா. பிள்ளைகளுக்கு மாதா துணை இருக்கட்டும்.

உன் அக்கா,
அமலராணி

பின்குறிப்பு, ஞாயிறு இரவு: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ரத்தினவேல் என் வீட்டுக்காரரை ஆட்டோவில் கூட்டிவந்தார். அடக்கத்தன்று போட்ட அதே கோட்டு, கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. சாமியார் ஓலையை வாசித்து, அவரைப் பார்த்தே தடை உண்டா என்று கேட்டார். இவர் எழுந்தார். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல சாமி. சந்தோஷமா நடத்துங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ரோசரி அழுதாள். பெண்கள் பக்கம் நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. "ஏன் இல்ல?" என்று கோவில் முழுக்கக் கேட்கக் கத்தியிருக்கிறேன். அவருக்கும் எனக்கும் அங்கே தொடங்கிய சண்டை, ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரத்தினவேல் வந்து அவர் தோளைத் தொடும்வரை ஓயவில்லை. நடுவில் தைரியராஜ் சார் இரண்டு தடவை காபி வாங்கிவந்தார். எல்லாரும் போனபிறகு சாமியார் புத்தகத்தைத் திறந்து, தடை சொன்னவர் என்ற இடத்தில் 'மணப்பெண்' என்று எழுதினார்.