முழங்கால் மேட்டில் மேன்மை வண்டி

பூசணிநாட்டில் வெகுகாலம் ஒரே மாதிரி வண்டிதான் ஓடியது. இரண்டு மாடு, ஓலைக் கூண்டு, உட்கார வைக்கோலும் அதன்மேல் சாக்கும், பின்பலகையில் மஞ்சள் சாயத்தில் ஒரு பூசணிப் பூ. அந்தப் பூதான் அரசாங்க முத்திரை. பானை விற்பவரும் அதில்தான் போனார், அமைச்சரும் அதில்தான் போனார். அந்த வண்டியின்மேல் யாருக்கும் பெரிய பிரியம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்தது, சொன்ன ஊருக்குப் போனது.

கீழூருக்கும் தலைநகரான மேலூருக்கும் நடுவில் முழங்கால் மேடு என்று ஓர் ஏற்றம். அடிவாரத்துக்கு வந்ததும் வண்டிக்காரர் "கை கொடுங்க!" என்று குரல் கொடுப்பார். முடியாதவர்களை உள்ளே விட்டுவிட்டு மற்ற எல்லாரும் இறங்கிப் பின்பலகையில் கை வைத்துத் தள்ளுவார்கள். வண்டி ஏறிவிடும். இன்றைய அரசர் பொழில்வேந்தரின் கொள்ளுத்தாத்தாவே இறங்கித் தள்ளியதாக அரண்மனைக் குறிப்பில் இருக்கிறது. அவருக்கு மூச்சு வாங்கியதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கீழூர்ச் செங்கல் சூளையில் வேலை செய்த செம்பாயிக்கு இந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை. அவளுடைய எட்டு வயது மகள் அரும்புக்குக் கண்ணில் நோய். மருந்து மேலூர் வைத்தியரிடம் மட்டும்தான் இருந்தது. அது ஒரு பச்சிலைச் சாறு. திங்கட்கிழமைதோறும், வெயில் உச்சிக்கு வருமுன் விட வேண்டும். ஓராண்டு விட்டால் பார்வை நிலைக்கும், நடுவில் ஒரு வாரம் தவறினாலும் போய்விடும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருபத்தேழு வாரம் முடிந்திருந்தது. விடிந்ததும் கீழூர் வண்டிக்காரர் ஆண்டிச்சாமியின் வண்டியில் ஏறினால் உச்சிக்கு மூன்று நாழிகை முன்பே போய்விடலாம். மேட்டில் அரும்பு உள்ளே இருப்பாள், செம்பாயி இறங்கித் தள்ளுவாள்.

இப்படி இருக்கையில் பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் வந்தார். மேலூர் வாசலில் நின்ற வண்டியிலிருந்து நான்கு பேர் வியர்க்க விறுவிறுக்க இறங்குவதைப் பார்த்து, "இவர்களில் எவர் அமைச்சர்?" என்று கேட்டுவிட்டார். அன்று அரசர் சாப்பிடவில்லை. மறுநாள் சபை கூடியது.

மதிப்பமைப்பு வல்லுநர் நிரம்பவழகியார் எழுந்தார். வெளிநாட்டில் படித்தவர். என்ன படித்தார் என்று கேட்கும் அளவுக்கு அந்தச் சபையில் யாரும் படிக்கவில்லை.

"மன்னா, நமக்கு ஓர் உயர்ந்த வண்டி வேண்டும். ஆனால் அதற்குத் தனி முத்திரை வேண்டாம். தனியாகப் போனால் பூசணிப் பூவைக் கைவிட்டோம் என்று மக்கள் வருந்துவார்கள். அதே பூ, அதே வண்டித்துறை. உள்ளுக்குள்ளேயே ஒரு மேன்மை வரிசை. பூவைச் சுற்றி ஒரு பொன்கோடு."

"கோடு போதுமா?" என்றார் அரசர்.

"போதாது. வண்டியை இருவிசை வண்டி ஆக்குவோம். மாடும் இழுக்கும், காற்றும் இழுக்கும். கூண்டின் மேல் கப்பலில் கட்டுவதுபோல ஒரு பாய் கட்டிவிட்டால் தீர்ந்தது."

வண்டித்துறை அமைச்சர் அம்பலக்கூத்தர் கொஞ்சம் யோசிக்கிறவர். "காற்று எதிரே வீசினால்?" என்று கேட்டார்.

"பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு, தேவையறிந்து இயங்கும் வண்டி என்று அறிவித்துவிடலாம்."

சபை கைதட்டியது. மேன்மை வண்டியில் ஏறுகிறவருக்கு ஒரு வாக்குறுதியும் தரப்பட்டது. அவர் எந்த இடத்திலும் இறங்க வேண்டியதில்லை.

வண்டி செய்தாயிற்று. வெள்ளோட்டத்தில் இருபது பேரைக் கண்ணைக் கட்டி இரண்டு வண்டியிலும் ஏற்றி இறக்கினார்கள். பதினேழு பேருக்கு வித்தியாசமே தெரியவில்லை. மூன்று பேர் பழைய வண்டியே மேல் என்றார்கள், அதில் பாய்மரம் தலையில் இடிக்கவில்லையாம். அம்பலக்கூத்தர் கணக்கை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்.

நிரம்பவழகியார் கலங்கவில்லை. "மேன்மையை இன்னும் உயர்த்த நல்ல மரம் வேண்டும், பட்டு வேண்டும், கைதேர்ந்த தச்சர்கள் வேண்டும், ஓராண்டு ஆகும். சாதாரண வண்டியைத் தாழ்த்த ஒரே நாள் போதும். நமக்கு வேண்டியது இடைவெளி. அது எந்தப் பக்கம் உண்டானால் என்ன?"

இடைவெளிச் சட்டம் என்ற பெயரில் முதல் ஆணை வந்தது. சாதாரண வண்டிகளில் வைக்கோலை எடுத்தார்கள், சாக்கை எடுத்தார்கள், கூண்டைப் பிரித்தார்கள். இரண்டு மாடுகளில் ஒன்றை மேன்மை வரிசைக்குக் கொண்டுபோனார்கள். ஆண்டிச்சாமியின் மாட்டை அவிழ்க்க இரண்டு சேவகர்கள் வந்தபோது அவர் தும்புக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ரெண்டும் கன்னுக்குட்டியிலிருந்து ஒரே நுகத்துல நின்னதுங்க சாமி. ஒண்ண மட்டும் எப்படிப் பிரிக்கிறது?"

"வருந்தாதே. உன் மாடு உயர்த்தப்பட்டிருக்கிறது" என்றார் சேவகர்.

அடுத்த திங்கட்கிழமை ஒற்றை மாடு வெறும் பலகையை இழுத்துக்கொண்டு போனது. வெயில் நேரே தலையில் இறங்கியது. செம்பாயி முந்தானையால் மகளின் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். உச்சிக்கு ஒரு நாழிகை இருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

மேன்மை வண்டிக்கும் மேட்டில் ஒரு சிக்கல் இருந்தது. முழங்கால் மேட்டில் காற்றே கிடையாது, மலை மறைத்துக்கொண்டிருக்கிறது. இது கீழூரில் ஆடு மேய்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். அவர்களைச் சபைக்கு யாரும் அழைக்கவில்லை. நான்கு மாடு பூட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஆறு பேர் அசையாமல் உட்கார்ந்திருக்க, பாயும் மரமும் பொன்கோடும் சேர்ந்த கனத்தில் வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது.

"இறங்கச் சொல்லலாமா?" என்றார் அம்பலக்கூத்தர்.

"இறங்கினால் அது சாதாரண வண்டி அமைச்சரே. நமது ஏட்டில் இரண்டாவது விசை காற்று என்று எழுதியிருக்கிறோம். அதை மக்கள் என்று திருத்தினால் போதும்."

இப்படித்தான் முதற்கை ஆணை வந்தது. சாதாரண வண்டியில் வருகிறவர்கள் எப்படியும் மேட்டில் இறங்குகிறவர்கள்தானே, அவர்கள் முதலில் மேன்மை வண்டியை மேலே ஏற்றிவிட்டு, திரும்பி வந்து தங்கள் வண்டியைத் தள்ளிக்கொள்ள வேண்டும். செம்பாயி அந்தத் திங்கள் இரண்டு முறை மேடு ஏறினாள். மேன்மை வண்டித் திரையை விலக்கி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவா தள்ளுங்கப்பா, உள்ளே குலுங்குது."

"சரிங்கய்யா" என்றாள் செம்பாயி. அவளுக்கு வேறொன்று சொல்லத் தோன்றியது, ஆனால் மூச்சு இல்லை.

வைத்தியர் வாசலில் குச்சி நட்டு நிழலைப் பார்த்தபடி நின்றிருந்தார். "நாலு விரக்கடை நிழல்தாம்மா மிச்சம். இப்படியே போனா அடுத்த வாரம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது." அன்று திரும்பி வரும்போது அவள் வழியெல்லாம் அழுதாள். மகளுக்குத் தெரியாமல் அழுவது சுலபமாக இருந்தது, அதுவே அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

அடுத்த வாரம்தான் ஆட்சித் தேர்வு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்கள் மேலூருக்குப் போய்க் குடத்தில் கல் போடுவார்கள். அரசர் தொடரலாம் என்றால் வெள்ளைக் கல், வேண்டாம் என்றால் கறுப்புக் கல். கீழூரில் எல்லா வீட்டிலும் கறுப்புக் கல் பொறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒற்றர் சொன்னார். இரவோடு இரவாக மூன்றாவது ஆணை தயாரானது. சாதாரண வரிசை ஒழிக்கப்பட்டது. இனி பூசணிநாட்டில் எல்லாருமே மேன்மைதான்.

திங்கள் காலை ஆண்டிச்சாமியின் வண்டியில் பொன்கோடு இருந்தது. பாய் இருந்தது, மெத்தையும் இருந்தது. மாடு மட்டும் ஒன்றேதான். கறுப்புக் கல்லோடு ஏறிய ஊரார் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார்கள். சிலர் கல்லை மடியிலிருந்து எடுத்துச் சத்தமில்லாமல் வெளியே போட்டார்கள்.

மேட்டடியில் ஐம்பது வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முதல் வண்டியில், புது வரிசையைத் தொடங்கி வைக்கக் கீழூர் வந்திருந்த அம்பலக்கூத்தர். ஆண்டிச்சாமி பழக்க தோஷத்தில் "கை கொடுங்க!" என்று குரல் கொடுத்துவிட்டார். காவலர் ஓடி வந்தார்.

"என்னய்யா இது? மேன்மை வரிசையில் இறங்கும் வழக்கம் கிடையாது. தள்ள வேண்டிய வரிசை ஒழிக்கப்பட்டாயிற்று."

"அப்ப வண்டி எப்படிங்க ஏறும்?"

"காற்று வரும்."

எல்லாரும் பாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. செம்பாயி ஒரு முறை சூரியனைப் பார்த்தாள், ஒரு முறை மகளைப் பார்த்தாள். காலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இறங்கக் கூடாது" என்றார் காவலர்.

"எறங்குனா என்னய்யா செய்வீங்க?"

காவலர் ஓலையைப் புரட்டினார். "மேன்மை பறிக்கப்படும்."

"எடுத்துக்கங்க. என் புள்ளைக்குக் கண்ணு போவுதுய்யா."

அவள் அரும்பைத் தூக்கித் தோளில் போட்டாள். வண்டியில் இருந்தவர்களில் ஒருவர் வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். ஆண்டிச்சாமி நுகத்தடியைத் தளர்த்தினார். மாட்டை வெளியே கொண்டுவந்து, பிள்ளையை வாங்கி அதன் முதுகில் உட்கார வைத்தார். மற்றவர்கள் மெத்தையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வண்டி இல்லாத மாடு சிரமமில்லாமல் மேடு ஏறியது.

வைத்தியர் குச்சியடியில் அரை விரல் நிழல் இருக்கும்போது சாறு விட்டார்.

அதன்பிறகு செம்பாயியும் ஆண்டிச்சாமியும் குடத்தில் ஆளுக்கொரு கறுப்புக் கல் போட்டார்கள். மாலையில் நிரம்பவழகியார் முடிவை வாசித்தார். வராதவர்கள் திருப்தியாக இருப்பவர்கள் என்பதால் அவர்களுடைய கல் வெள்ளையாகக் கொள்ளப்படும். மேன்மை பறிக்கப்பட்டவர்களின் கல் செல்லாது. ஆகவே அரசர் ஒருமனதாகத் தொடர்கிறார். செய்தி அடிவாரத்துக்கு வந்தபோது ஐம்பது வண்டியிலும் கைதட்டினார்கள். கைதட்ட இறங்க வேண்டியதில்லை.

வண்டிகள் மேடு ஏறவில்லை என்ற குறை மட்டும் மிச்சம் இருந்தது. நான்காவது ஆணையில் அதுவும் தீர்ந்தது. அடிவாரத்துக்கு மேலூர் என்று பெயர் சூட்டி, ஒரு பெரிய பலகை நட்டார்கள். அன்றிலிருந்து எல்லா வண்டியும் நேரத்தோடு மேலூர் போய்ச் சேர்கிறது. மக்கள் மெத்தையில் வந்து, பலகையைப் பார்த்துவிட்டு, மெத்தையிலேயே வீடு திரும்புகிறார்கள்.

செம்பாயி ஒவ்வொரு திங்களும் விடியுமுன் கிளம்பி நடந்தாள். ஆண்டிச்சாமியின் மாட்டையும் பறித்துவிட்டார்கள், அதனால் அவரும் முறைபோட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தார். ஐம்பத்திரண்டாவது வாரம் அரும்பு யார் கையையும் பிடிக்காமல் முன்னால் ஓடினாள். பலகையருகே நின்ற வண்டியிலிருந்து ஒருவர் பரிவோடு கூப்பிட்டார்.

"ஐயோ பாவம், ஏம்மா, மேலூர்தான் வந்திருச்சே! இன்னும் புள்ளைய எங்க நடத்திக் கூட்டிட்டுப் போற?"

செம்பாயி பதில் சொல்லுமுன் அரும்பு கையை நீட்டிக் காட்டினாள். "அதோ மாமா, மேல ஊரு தெரியுது. கோபுரம்கூடத் தெரியுது பாருங்க."

அவர் இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். பாய் மறைத்தது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"ஒண்ணும் இல்லையே கண்ணு" என்றார்.

"எறங்கிப் பாருங்க மாமா" என்றாள் அரும்பு.